அலைமணி ஏற்றிவிட்ட பஸ்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு காப்பி ஆறுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில், குணவதியின் மகள் காமினியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

பையன் குகனுக்குப் பிடித்துவிட்டது. காமினிக்கும்தான். இல்லாவிட்டால் கறிபாப் பலகாரத் தட்டை அவளே மறுபடியும் நிரப்பிக்கொண்டு வருவாளா?

பையனின் அம்மா ஜெகதீஸ்வரி மட்டும் தட்டைத் தொடவில்லை.

"ஃபேக்டரியில நைட் ஷிப்டாமே? தப்பா நினைக்காதீங்கக்கா. எழுத்தாளர் அலைமணியோட நாவலுங்க படிச்சிருப்பீங்க. நைட் ஷிப்ட் போன ஒரு பொண்ணாவது அதுங்கள்ல உருப்பட்டிருக்கா?"

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலைமணி. அது புனைபெயர்; தன் படம்கூடப் போடமாட்டார், பின்னட்டையில் ஓர் அலைதான் இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது. கிழவர்களை எழுதினால் இருமல் நம் காதில் கேட்கும். ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கிக் காத்திருப்பவரை எழுதினால் நமக்குக் கால் கடுக்கும்.

பெண் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கை கோணிக்கொள்ளும்.

ஒன்று, அழுதுகொண்டே மன்னிப்பாள். இல்லை, ஃபேக்டரி பஸ் ஏறிக் கெட்டுப்போவாள். பதினோரு நாவலிலும் அதே பஸ். கேட்டால், சமுதாயத்துக்கு எச்சரிக்கையாம்.

அந்த பஸ்ஸில் காமினி என்ன செய்வாள் தெரியுமா? வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். எழுப்பிவிடாவிட்டால் இறங்க வேண்டிய இடமே தாண்டிப் போய்விடும். இதை எந்த அத்தியாயத்தில் எழுதினார்?

"அம்மா, அது கதை லா," என்று முனகினான் குகன்.

"நீ சும்மா இரு. கண்ணால பாக்காததையா அவரு எழுதுவாரு?"

ஜெகதீஸ்வரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி எழுந்துவிடுவாள். காமினி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குணவதி கணவர் பக்கம் திரும்பினாள். சிவநேசன் மூலை நாற்காலியில், காலியான காப்பி கிளாஸில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால், இன்றைக்கு இவருக்குச் சோறு கிடையாது என்று முடிவு செய்துகொண்டாள்.

கரண்டி நின்றது.

"பாக்காமத்தாம்மா எழுதிட்டேன்," என்றார் சிவநேசன்.

ஜெகதீஸ்வரியின் மடியிலிருந்து கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

சரி, காப்பியைக் குடியுங்கள். உங்கள் வீட்டில் பேச வேண்டியவர்கள் பேச வேண்டிய நேரத்தில் பேசட்டும். இரவு வேலைக்குப் போன பிள்ளைகள் விடிந்ததும் பத்திரமாகப் படியேறி வரட்டும்.