முதல் கொடி

"மூணாவது கொடியா?" மாத்தே தேநீர்க் குழலை உறிஞ்சியபடி கேட்டார் அப்பா வில்மார்.

முப்பத்திரண்டு பேர் படிக்கும் ஆறாம் வகுப்பில் ரொமினா மூன்றாவதாக வந்திருந்தாள். பள்ளி விழாவில் முதல் மூன்று பேர்தான் கொடி பிடிப்பார்கள்.

"எங்க காலத்துல நான் முதல் கொடி. இப்ப அரசுப் பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்கறாங்க? தரம் தரையில கெடக்கு."

வழக்கம்போல் பர்ஸிலிருந்து அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பள்ளிச் சீருடை அங்கியில், உருகுவே கொடியோடு பன்னிரண்டு வயது அப்பா.

ரொமினாவின் முகம் சுண்டிப்போனது. அழுகையை அடக்கிக்கொண்டு படத்தையே பார்த்தவள், அதன் இரண்டு ஓரங்களும் பின்பக்கமாக மடிந்திருப்பதை அன்றுதான் கவனித்தாள். மெல்லப் பிரித்தாள்.

"ரெண்டாவது கொடி வச்சிருக்கறது யாருப்பா?"

"அது... எங்க டீச்சர்."

"மூணாவது? தலையில துணி கட்டிக்கிட்டு?"

"சமையல்கார அக்கா."

"ஏன், பசங்க யாரும் இல்லையா?"

அப்பா குழலை நீண்ட நேரம் உறிஞ்சினார்.

"ஆட்டுப் பண்ணைங்களுக்கு நடுவுல இருந்த பள்ளிக்கூடம்மா. ஆறாவதுல நான் ஒருத்தன்தான்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"அந்த ஒருத்தரும் ஆறாவத ரெண்டு வருஷம் படிச்சாரு."