மேனேஜர் ஒப்புதல்

நாய்ச் சோற்றைத் திருடுகிற மனிதனை வாசுதேவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

பகல் பன்னிரண்டு மணி. கரண்ட் போய் ஃபேன் நின்றதில் தூக்கம் கலைந்து, பின்பக்க ஜன்னலுக்குக் காற்றுக்காக வந்து நின்றார். பக்கத்து வீட்டு மோகன் காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் குதித்தான். மேனேஜரின் தட்டைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு, வந்த வழியே சுவரேறிப் போனான்.

மேனேஜர் என்பது நாயின் பெயர். பேங்கில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்து மேனேஜர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் வாசுதேவன். ரிட்டயரான பிறகாவது "மேனேஜர், உட்கார்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டார். நாயும் உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் தட்டில் இருந்தது சாதாரணச் சோறு இல்லை. வாசுதேவன் எழுதிக்கொண்டிருந்த 'ஒரே அடுப்பு, ஆறு கால்' என்ற சமையல் புத்தகத்தின் நாற்பத்து மூன்றாவது அயிட்டம், பூசணி மீன் கூட்டு. நாய்க்கும் நாயை வளர்ப்பவருக்கும் ஒரே பாத்திரத்தில் சமையல். பாதி வெந்ததும் நாய்க்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். மீதியில் உப்பும் காரமும் போட்டுத் தாளித்தால் மனிதருக்கு ஆயிற்று.

இந்தப் புத்தகத்துக்கு முன்னால் வாசுதேவன் அடுப்படிப் பக்கம் போனது காப்பி வந்துவிட்டதா என்று பார்க்கத்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு உப்பு, எண்ணெய், மீன் எதுவும் கூடாது. கஞ்சிதான். ஆக, தான் சமைத்ததில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமலேயே சமையல் புத்தகம் எழுதுகிற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

அதனால் என்ன? ருசி பார்க்க வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். மனைவி ஜோதிலட்சுமி தினமும் தட்டைக் காலி செய்து, "நல்லாருக்குங்க" என்பாள். மேனேஜரின் தட்டோ, அவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால் கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'மேனேஜர் ஒப்புதல் பெற்றது' என்று சிவப்பு மையில் எழுதி டிக் அடிப்பார். புத்தகத்தைச் செங்கல்பட்டு அச்சகத்தில் மறுநாள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

இப்போது புரிந்தது, தட்டைக் காலி செய்தது யார் என்று. கல் செதுக்கிச் சம்பாதிக்கிற வாலிபன், வாயில்லாத ஜீவன் வயிற்றில் அடிக்கிறானே என்று அவருக்குக் கொதித்தது. கூடவே, மனுஷனே சுவரேறி வந்து திருடுகிற அளவுக்கா நம் கைப்பக்குவம் என்று மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் குளிரவும் செய்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி மோகன் வீட்டுப் பின்பக்கம் போனார். கையும் களவுமாக மாட்டினான். ஆனால் தின்றுகொண்டிருக்கவில்லை. பூசணிக் கூட்டைக் குப்பை வாளியில் கவிழ்த்துவிட்டு, தட்டைக் கழுவி, தன் வீட்டுச் சட்டியிலிருந்து மீன் தலை போட்டு வடித்த சோற்றை அதில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"இன்னா மோகன் இது?"

அவன் எழுந்து நின்றான். பிறகு, நாய் முதல் நாளிலிருந்தே அவர் சமையலை மோந்து பார்த்ததோடு சரி, என்று ஒப்புக்கொண்டான்.

"வீணாப் போவக் கூடாதுன்னு எங்க கோழிக்குக்கூடப் போட்டுப் பாத்தேன் சார். அது கிளறிட்டுப் போய்டுச்சு."

"அப்ப இந்த ஏற்பாடு?"

"உங்க வூட்டு அக்காதான் சார் கேட்டுக்கினாங்க. ஆபரேசன் ஆனதுலேர்ந்து யாராண்டையும் பேசாம செவுத்தையே பாத்துக்கினு படுத்துனு கீறாரு, ஒரு நாள் நான் கொட்டிக் கழுவி வெச்ச நாய்த் தட்டு காலியா இருந்ததப் பாத்துட்டுச் சிரிச்சாரு தம்பி, அந்தச் சிரிப்பு நின்னுடக் கூடாதுன்னாங்க. எனக்கு இன்னா சார், மத்தியானம் சோத்துக்கு வர சொல்லோ ஒரு எகிறு. அவ்ளோதான்."

வாசுதேவன் அந்தத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். பின்பக்கம் கொண்டுபோய் வைத்ததுதான் தாமதம், மேனேஜர் பாய்ந்து வந்து தின்ன ஆரம்பித்தது. அவர் சமைக்க ஆரம்பித்த இந்த நாலு மாசத்தில் அது சாப்பிடுவதை அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நாற்பத்திரண்டு சிவப்பு டிக்கையும் நினைத்துக்கொண்டார். பேங்கில் இப்படி ஒரு வவுச்சரைச் சரிபார்க்காமல் டிக் அடித்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உள்ளே ஜோதிலட்சுமி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பின்வாசலில் நாய் தின்கிற சத்தமும் அவர் முகமும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. அவர் அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோகன் சொல்லிட்டான். நாய் விஷயம் போகட்டும் ஜோதி. அதுக்கு நாக்கு நீளம். நம்ம பங்கு? தாளிச்சு வெக்கிறேனே, அதாவது நல்லாத்தானே இருந்துச்சு?"

ஜோதிலட்சுமி தட்டைப் பார்த்தாள். பூசணிக் கூட்டு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"மேனேஜருக்கு மோகன் இருந்தான். எனக்கு மாத்தி வெக்கத்தான் ஆள் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, மீதியையும் சோற்றில் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள்.