தைச்சே வந்த பொக்கட்

கொக்கியில தொங்கிக்கிட்டு வந்த கோட்டுல பொக்கட் ஏற்கனவே தைச்சிருந்துச்சு.

வடிவம்மா பொரட்டிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. அவ தைக்க வேண்டிய அதே எடது பக்கப் பொக்கட்.

சரி, யாரோ தவறித் தைச்சிட்டாங்கன்னு பொத்தான அமுக்குனா. கோட்டு மேல ஏறி, ஆடி ஆடி அடுத்த ஆளுகிட்ட போயிருச்சு.

அடுத்தது வந்துச்சு. அதுலயும் பொக்கட்.

இந்தக் காமன்ட் தையல் பேக்டரியில யாரும் துணியத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டியதில்ல பாருங்க. தலைக்கு மேல தண்டவாளம் மாதிரி ஒன்னு சுத்தி ஓடுது. கோட்டுத் துண்டெல்லாம் கொக்கியில தொங்கிக்கிட்டு அதுவே வந்து, ஒவ்வொருத்தி முன்னுக்கும் எறங்கி நிக்குது. ஒருத்தி காலர் வைப்பா, அடுத்தவ பொக்கட் வைப்பா. பொத்தான அமுக்குனா கெளம்பிரும். யாரு வேகம், யாரு மெதுவுன்னு மெஷினுக்கு மேல லைட்டு சொல்லிரும். பச்சைன்னா நல்லவ. செவப்புன்னா சூப்பர்வைசர் றின்ஸா மிஸ் வருவாங்க.

தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைக்கு இதெல்லாம் புதுசு. கொழுந்து எங்க நம்மளத் தேடி வந்துச்சு, நாமதான மலை ஏறிப் போவணும்.

பழகுற மாசம் இன்னிக்கோட முடியுது. வச்சிக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு சாயங்காலம் மிஸ் சொல்லுவாங்க. நேத்துதானா ஊசி வெரல்ல ஏறணும்? மருந்து ரூமுக்குப் போனா வீட்டுக்குப் போன்னுருவாங்கன்னு ஒருத்தருக்கும் காட்டல. கெடைச்ச அழுக்குத் துண்ட சுத்திக்கிட்டு வந்துட்டா.

காலையில பஸ்ஸுலயும் அந்தக் கையப் பைக்குக் கீழதான் வச்சிருந்தா. பக்கத்து வீட்டு, அதான் பக்கத்து காம்பரா நல்லம்மா மட்டும் ஒரு பார்வ பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டா.

அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. பூசணிக்கொடி ஒன்னு அந்தக் காம்பராவுல மொளைச்சு இந்தக் காம்பராக் கூரையில வந்து காச்சிருச்சு. காய் யாருக்குன்னு சண்டை. காய் எப்பவோ அழுகிப்போச்சு, சண்டை அப்புடியே இருக்கு.

இன்னொரு கோட்டு வந்துச்சு. பொக்கட்டோட.

வடிவம்மா பொக்கட்டத் தடவிப் பாத்தா. போன கோட்டே ஒரு சுத்து சுத்தித் திரும்ப வருதா? இல்ல நாந்தான் தைச்சத மறந்துட்டனா?

அப்புறந்தான் தையலப் பாத்தா. முடியிற எடத்துல திரும்பத் திரும்ப ஓட்டி, சாக்குக்கு வாய் கட்டுன மாதிரி இறுக்கியிருக்கு. அப்புடி ஓட்டுறவ ஒருத்திதான். தூணுக்கு அந்தப் பக்கம், இவளுக்கு முந்தின மெஷின்ல காலர் வைக்கிற நல்லம்மா.

அடிப்பாவி. பொக்கட்டுக்குன்னு ஒருத்தி தேவையேயில்லன்னு காட்டுறாளா? அவளே ரெண்டையும் தைக்கிறா, நீ எதுக்குன்னு மிஸ் கேட்டுட்டா? ஒரு பூசணிக்காய்க்கா இம்புட்டு?

வடிவம்மா எந்திரிச்சுப் போயி மிஸ்கிட்ட சொல்லிட்டா.

றின்ஸா மிஸ் பதுள டவுன் புள்ள. நல்ல மாதிரிதான், ஆனா லைட்டு சொல்றதத்தான் நம்புவாங்க. போயிப் பாத்தா நல்லம்மாவுக்கு மேல செவப்பு. பின்ன, ரெண்டு பேரு வேலைய ஒருத்தி செஞ்சா செவப்புத்தான எரியும். ஏன் செஞ்சீங்கன்னு கேட்டாங்க. நல்லம்மா குனிஞ்சு நூல வெட்டிக்கிட்டே இருந்தா. பையையும் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குப் போகச் சொன்னாங்க. பையோட போகச் சொன்னா என்னா அர்த்தம்னு அங்க எல்லாருக்கும் தெரியும்.

நல்லம்மா இவள ஏறெடுத்தும் பாக்காம போனா.

ஆனா மேல ஓடுறதுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? நல்லம்மா கடைசியா அனுப்புன கோட்டு அப்பத்தான் தூணச் சுத்தி, ஆடி ஆடி வந்து வடிவம்மா முன்னுக்கு நின்னுச்சு.

பொக்கட் தைச்சிருந்துச்சு. உள்ளுக்கு என்னமோ உப்பலா இருந்துச்சு.

கைய விட்டு எடுத்தா. பச்சைக் கட்டம் போட்ட துணி. நல்லம்மா சோத்துப் பெட்டி கட்டுற துணி. பக்கத்து காம்பராக் கயித்துல காயிறதத் தெனம் பாக்குறதுதான. அத வெரல்ல சுத்துற அகலத்துக்குக் கிழிச்சு, பதமா மடிச்சு வச்சிருக்கா.

வடிவம்மா அப்புடியே ஒக்காந்துட்டா.

மலையில ஆளுக்கொரு நெர. செடி வரிசை. ஒருத்திக்குக் கைக்கு முடியலன்னா பக்கத்து நெரக்காரி ஒன்னும் கேக்க மாட்டா. தன் நெரையோட அவ நெரையையும் சேத்து எடுத்துக்கிட்டே போவா. பேச்சுவார்த்தை இல்லாதவளா இருந்தாலும் அப்புடித்தான். எடுத்துட்டு சொல்லிக் காட்டுறதும் இல்ல.

பொத்தான அமுக்கல. பின்னால வந்த கோட்டெல்லாம் தலைக்கு மேல ஒன்னோட ஒன்னு முட்டிக்கிட்டு நின்னுச்சு. லைட்டு செவப்பாச்சு. மிஸ் ஓடி வந்தாங்க.

வடிவம்மா அழுக்குத் துண்ட அவுத்து வெரலக் காட்டுனா. வீங்கிக் கறுத்துப்போயி இருந்துச்சு.

"அவ என் நெரைய எடுத்திருக்கா மிஸ். அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

மிஸ்ஸுக்கு ஒன்னும் வெளங்கல. வெரலப் பாக்குறாங்க, லைட்டப் பாக்குறாங்க, நெரைன்னா என்னான்னு கேக்குறாங்க.

சொல்லிக்கிட்டு நிக்க ஏது நேரம். மேல கோட்டெல்லாம் இந்தப் பக்கம் வந்துக்கிட்டே இருக்க, வடிவம்மா அதுகளுக்கு அடியில அந்தப் பக்கமா ஓட்டமும் நடையுமா போனா. போகப் போகவே கட்டம் போட்ட துணிய வெரல்ல சுத்துனா.

ஆபீஸ் வாசல்ல நல்லம்மா முதுகு தெரிஞ்சுச்சு.

கூப்பிடணும். இம்புட்டு நாளா பேசாதவள என்னான்னு கூப்பிடுறது?

அதுக்குள்ள நல்லம்மாவே திரும்பிட்டா.

வடிவம்மா வெரல மட்டும் தூக்கிக் காட்டுனா.