மாலை தாங்காத பட்டை

சூசையின் மாவு மில் ஓடும்போதெல்லாம் அடுத்த வீட்டில் செண்பகவல்லியின் கணவர் முனகுவார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் அவருக்குக் கட்டிலின் சிறு அதிர்வும் வேதனை. அதைக் கேட்கப் பொறுக்காமல் சூசை, மெஷினின் அடிச்சட்டத்தில் நீளமான இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்தி, மெஷினின் அதிர்வை அந்தப் பட்டையே வாங்கிக்கொள்ளும்படி அதன் நுனியில் ஓர் எடையை அளந்து திருகி வைத்தான். அதன்பின் மெஷின் ஓடினால் பட்டை மட்டும் படபடவென்று துடித்தது, சுவர் அசையவில்லை. அவர் தூங்கினார்.

ஆயுத பூஜைக்கு மில் நின்றிருந்தபோது செண்பகவல்லி வந்து அந்தப் பட்டையின் நுனியில் கதம்ப மாலை சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் மெஷினைப் போட்டதும் அலறியடித்து ஓடிவந்தாள்.

"தம்பி, பழையபடி அதிருதே! அவரு துடிக்கிறாரு."

சூசை மெஷினை நிறுத்தி மாலையைக் கழற்றினான். "ஏன்க்கா, இதையும் சாமியாக்கிட்டீங்களா? இது அளந்து வச்ச எடை, அக்கா. பூ பாரம் ஏறினாலும் கெட்டுப்போகும்."

"நாளெல்லாம் நமக்காக நடுங்குது. அதுக்கு நாம ஒண்ணுமே செய்யக் கூடாதா?"

சூசை பட்டையின் மேல் படிந்திருந்த மாவை விரலால் வழித்துக் காட்டினான். "மாவு படிஞ்சாலும் பாரந்தான்க்கா."

அன்று சாயங்காலம் மெஷின் நின்றதும், கணவரின் முகம் துடைக்கும் மெல்லிய துணியோடு செண்பகவல்லி பட்டையருகே வந்து நின்றாள்.