மாற்றிய உடுப்பு

"டேய், ஹம் ஸ்டேசன் வரப்போகுது. கக்கூசுக்குப் போய் உடுப்பு மாத்தேல்லையோ?"

சதீசன் கேட்டான். கார்த்திகன் கண்ணைத் திறக்கவில்லை. மூன்று மாதப் பயிற்சியில் அடிபட்ட உடம்பு, ரயில் ஆடுகிற ஆட்டத்துக்கே நொந்தது.

"இனி மாத்திறேல்லை மச்சான். இப்பிடியேதான் வீட்டை போறன்."

நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் மூன்ஸ்டரிலிருந்து ஒரே ரயிலில்தான் ஹம்முக்கு வருவார்கள். சதீசனுக்கு மூன்ஸ்டரில் கணினிக் கடையில் வேலை. கார்த்திகனுக்கு ஜெர்மன் ராணுவம். சீருடையில் வந்தால் ரயிலில் டிக்கெட் வேண்டாம் என்பதால் முகாமிலிருந்து பச்சைப் புள்ளிச் சீருடையிலேயே ஏறுவான். ஹம் வருமுன் கழிப்பறைக்குள் புகுந்து, ஜீன்சும் டீ சேர்ட்டுமாக வெளியே வருவான். ஓடுகிற ரயிலில் ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை மாற்றுவதில் அவனை மிஞ்ச அந்த ராணுவத்தில் ஆளில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மறுபடி சந்திக்கிறார்கள். இன்று பச்சை இல்லை. கடற்படையின் கருநீல உடுப்பு, கையில் வெள்ளைத் தொப்பி.

"நேவிக்கு மாறினது சரி. அதுக்கேன் பழையபடி அடிப்படைப் பயிற்சி? நாலு வருசம் செய்தது காணாதாமோ?"

"நான் கேட்ட இடத்துக்கு வாறதெண்டா முதலிலையிருந்து துவங்கவேணும் எண்டாங்கள். ஓம் எண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

"உனக்கு என்ன விசரோ?"

"அப்பிடித்தான் நானும் நினைச்சன்." கார்த்திகன் சப்பாத்துக்குள் வீங்கியிருந்த காலை மெதுவாக நீட்டினான். "எனக்கு இருபத்தொன்பது. அறையிலை மற்ற அஞ்சு பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. 'ஓப்பா' எண்டுதான் என்னைக் கூப்பிடுறவங்கள்."

ஓப்பா என்றால் தாத்தா. சதீசன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சிரி, சிரி. சப்பாத்துக் கயிறு எப்பிடிக் கட்டுறதெண்டு பயிற்சி தாற இருபத்திமூண்டு வயசுப் பெடியன் ஒருத்தன் எனக்குக் காட்டித் தந்தவன். ஆமியிலை ரண்டு வருசம் அதை மற்றவைக்குப் படிப்பிச்ச ஆளே நான்தான். கட்டில் விரிப்பிலை ஒரு சுருக்கம் எண்டு மூண்டு தரம் இழுத்துக் கீழை போட்டிட்டு, திரும்ப விரி எண்டான்."

"நீ என்ன சொன்னனி?"

"என்னத்தைச் சொல்லுறது? விரிச்சனான்."

சதீசன் சிரிப்பதை நிறுத்தினான். "உண்மையைச் சொல்லு. ஏன் இந்தப் பாடு?"

கார்த்திகன் கையிலிருந்த தொப்பியைப் புரட்டிப் பார்த்தான்.

"அம்மாவுக்காக மச்சான். ஆமியிலை சேர்ந்து முதன்முதல் அந்த உடுப்போடை வீட்டை போன அண்டைக்கு, கதவைத் திறந்தவா அப்பிடியே நிலத்திலை குந்தியிருந்து அழத் துவங்கினவா. ரண்டு நாள் என்னோடை ஒரு கதையில்லை."

"ஏனெண்டு கேட்டனியோ?"

"கேக்க என்ன கிடக்கு? எனக்கு ஒரு வயசிலை ஊரிலை ஆமிக்காரர் அப்பாவைச் சுட்டவங்கள். பச்சை உடுப்பைக் கண்டா அவவுக்கு வேறை என்ன ஞாபகம் வரும்?"

சதீசன் தலையாட்டினான். அவன் வீட்டிலும் இதே கதைதான். இலங்கையில் போர்க்காலத்தில் நடந்ததைப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள்.

"அப்ப வேலையை விட்டிருக்கலாமே?"

"எனக்குப் பிடிச்ச வேலை, விட ஏலாது. ஆனா சொந்த வீட்டுக்குக் கள்ளன் மாதிரி உடுப்பு மாத்திக்கொண்டு போறதுக்கும் இனி ஏலாது. களைச்சுப் போனன்ரா. ஒருக்காலாவது அம்மா என்னை உடுப்போடை பாத்து, உள்ளுக்கு வா எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்."

"மாறினது அவவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஏதோ கோர்ஸ் எண்டுதான் சொன்னனான். நேரிலை பாக்கட்டும்."

ஹம்மில் இறங்கி, சதீசனுக்குக் கை காட்டிவிட்டு நடந்தான். மூன்றாம் மாடிக்கு ஏறினான். வாசலில் நின்று தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு மணியை அடித்தான்.

அம்மா இராஜேஸ்வரி கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியையே பார்த்தாள். கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, பயப்பிடாதையுங்கோ. பச்சை இல்லை, பாருங்கோ." கார்த்திகன் அவசரமாகச் சொன்னான். "ஆமியை விட்டிட்டன். உங்களுக்காகத்தான் நேவிக்கு மாறினனான்."

"எனக்காகவோ?"

"ஓம் அம்மா. அந்த உடுப்பைக் கண்டு நீங்கள் அப்பாவை நினைச்சு அழுதனீங்களெல்லே."

இராஜேஸ்வரி மெல்ல நிலத்தில் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கு அழுதது அப்பாவை நினைச்சில்லைத் தம்பி. உன்னை எங்கையேன் சண்டைக்கு அனுப்பிப் போடுவாங்களோ எண்டுதான் அழுதனான். பச்சை உடுப்பு என்னை ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப அப்பாவை...?"

"நாங்கள் வள்ளத்திலை தப்பி வரேக்கை, இதே மாதிரி வெள்ளைத் தொப்பியோடை வந்த நேவிக்காரர்தான் சுட்டவங்கள்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நீ என்ரை மடியிலை இருந்தனி."