அக்காவுக்கு வந்த நோய்

"எனக்கு ஒரு நோய் வந்திருக்கு. படுக்கையில ஒட்டுற நோய்."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள் காஜா அக்கா, என்னவோ ஜலதோஷம் பிடித்த மாதிரி.

தையல் கம்பெனியில் பட்டனுக்கு ஓட்டை போடும் காஜா மெஷின் ஓட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர். புருஷன் போய்ப் பல வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. தனிக்கட்டை.

சுற்றியிருந்த பெண்கள் வாயில் வைத்ததை விழுங்க மறந்தார்கள்.

"மெதுவாப் பேசு, மானம் போகுது," என்றாள் பட்டன் தைக்கிறவள்.

"என்னோடதுதானே, போனாப் போகட்டும். வெள்ளைப்படுறது நிறம் மாறிச்சு. ஒண்ணுக்குப் போனா எரிச்சல். அடிவயித்துல வலி. சூடுன்னு நெனச்சுத் தண்ணியாக் குடிச்சுத் தள்ளினேன். டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிட்டு கிளமிடியான்னுட்டாங்க."

"ஐயையோ!"

"என்ன ஐயையோ? மாத்திரை போட்டா சரியாயிடும். ஆனா பாதிப் பேருக்கு மேல அறிகுறியே காட்டாதாம். கவனிக்காம விட்டா கருக்குழாய் அடைச்சுக்கிட்டு, குழந்தையே உண்டாகாமப் போயிடலாமாம்."

"அது சரி, உனக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?"

"அது என் பாடு. ஆனா ஜோடியாத்தான் மாத்திரை போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா, மத்தவர்கிட்டேருந்து மறுபடியும் ஒட்டிக்கும்."

சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கக் காது, மூக்கு வைத்துப் பேசியாகிவிட்டது. அவள் குடித்த தம்ளரைத் தொட ஆளில்லை.

"தம்ளர்ல ஒட்டாதுங்கடி, அதுக்கு வேற வேலை பண்ணணும்!" என்று அவளே சிரித்தாள்.

தினமும் கூட நடந்து போகிறவள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார் சூப்பர்வைசர். அக்கா குனிந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

பக்கத்து மெஷினில் உட்காரும் புதுப்பொண்ணுக்குத்தான் அன்று தையல் நேராகவே வரவில்லை. கல்யாணமாகிச் சில மாதம். அக்கா சொன்ன அத்தனையும் அவளுக்கும் இருந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பால்வினை நோய்ப் பிரிவு என்ற போர்டுக்குக் கீழே, வாரப் பத்திரிகையால் முகத்தை மறைத்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பட்டன் தைக்கிறவள்!

"முதுகு வலின்னு வந்தேன்," என்றாள் அவள்.

"எனக்குப் பல்வலி," என்றாள் புதுப்பொண்ணு.

டெஸ்டில் தெரிந்துவிட்டது. கிளமிடியாவேதான். "நல்லவேளை, முத்திப்போறதுக்கு முன்னாடி வந்துட்டே. புருஷனையும் கூட்டிட்டு வா," என்றார் டாக்டரம்மா.

வீட்டில் புருஷன் குதித்தான். "எனக்கு ஒண்ணுமே இல்லையே!"

"இருந்தாலும் வெளிய தெரியாதாம். டெஸ்டுக்கு வாங்க. வரலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

வந்தான். அவனுக்கும் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய சகவாசம் ஒன்றைத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். அவள் அழுதாள், திட்டினாள். ஆனால் மாத்திரையை இருவருமே ஒன்றுகூட விடாமல் போட்டார்கள்.

மறு டெஸ்டில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. மறுநாள் மெஷினை ஓட விடுவதற்கு முன் புதுப்பொண்ணு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அன்னிக்குச் சொல்லலைன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எனக்கும் அதேதான். இப்ப சரியாயிடுச்சு."

"நல்லதுடி."

"உங்களுக்குச் சுத்தமாக் குணமாயிடுச்சாக்கா?"

காஜா அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"உட்கார முடியாம நெளிஞ்சுக்கிட்டிருந்தே. கேட்டா, 'ஒண்ணுமில்லக்கா'ன்னே. டாக்டரம்மாகிட்ட விசாரிச்சேன், உன்னை வாய் திறக்க வைக்க வேற வழி தெரியலை. மத்தபடி எனக்கு எங்கடி வந்துச்சு, குணமாகுறதுக்கு?"