கண்ணாடிக்குப் பின்னால்

ஒரு சின்னக் காரின் முகப்பு விளக்குக்குள் புது பல்பு ஒன்று வந்து சேர்ந்தது. சட்டம் அனுமதிக்கும் பல்புகளிலேயே இதுதான் பிரகாசமானது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, காரின் சொந்தக்காரர் ஞானதுரை அதை வாங்கியிருந்தார்.

"நீ மூணாவது ஆளு," என்றது முன்னால் இருந்த விளக்குக் கண்ணாடி. பத்து வருஷ வெயிலில் அதன் பிளாஸ்டிக் மஞ்சள் பூத்து மங்கிப் போயிருந்தது.

"மத்தவங்க என்ன ஆனாங்க?"

"வெளிச்சம் பத்தலைன்னு கழட்டிட்டாங்க."

அன்று சாயங்கால மழையில் வழி சரியாகத் தெரியாமல் ஞானதுரை ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் போனார். கடைசி நொடியில் பிரேக் பிடித்தது. வீடு வந்து சேர்ந்ததும், "இந்த பல்பும் சரியில்ல, நாளைக்கே மாத்தணும்," என்று மனைவியிடம் சொன்னார்.

பல்பு களைத்திருந்தது. "என்னால முடிஞ்ச மட்டும் எரிஞ்சேன். உன்கிட்ட வர்ற வரைக்கும் வெளிச்சம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமா, குத்தம் என்மேலதான். மொத ஆளு இருந்தப்பவே எனக்குத் தெரியும்," என்றது கண்ணாடி.

"அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்னைக் கழட்டிடுவாங்களே."



மறுநாள் மெக்கானிக் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். ஞானதுரை கிளம்பிப் போனார். கழற்றிய பல்பை வீச மனமில்லாமல், மெக்கானிக் அதைப் பட்டறை பேட்டரியில் சும்மா இணைத்துப் பார்த்தார். எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது.

"இது நல்லாத்தானே எரியுது," என்று அவர் நிமிர்ந்தபோது, கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது.